நவீன டாங்கோவை மேடைப் பதிவுகளில் கேட்கத் தொடங்குவது எப்படி?

இந்த இசைக்குள் நுழைய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. சரியாக யாராவது சொல்லியிருந்தால் எட்டே நாளில் நுழைந்திருப்பேன். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன், கிடைத்ததையெல்லாம் கேட்டேன். 'சிறந்த டாங்கோக்கள்' என்ற வகைத் தொகுப்புகள் நான்கு, வாசித்தவர் யார் என்றே அச்சிடாத சிடி இரண்டு, ஹோட்டல் வரவேற்பறையில் ஓடவிடத் தோதான பதிவுகள் சில. ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் போயிற்று. 'இது நமக்கு ஒத்துவராது' என்று மூன்று முறை மூட்டை கட்டி வைத்தேன்.

பிறகு ஓர் இரவு, அரங்கத்தில் பதிவான கச்சேரி ஒன்று தற்செயலாக ஓடியது. அதுவரை இஸ்திரி மடிப்புக் கலையாமல் கேட்டுவந்த அதே பாட்டு அன்றைக்கு வியர்த்து விறுவிறுத்து வந்தது. வேகம் கூடியது, தடுமாறப் பார்த்தது, தடுமாறாமல் தப்பியது. அந்த இரவு முழுக்கத் தூங்கவில்லை.

நவீன டாங்கோ என்று இங்கே நான் சொல்வது அர்ஜென்டினாவின் அஸ்தோர் பியாசோலா (1921–1992) உருவாக்கிய பாணியையும் அதன் அக்கம்பக்கத்தையும். ஸ்பானிய மொழியில் 'நுவெவோ டாங்கோ' என்பார்கள். ஆடுவதற்காக அன்று, உட்கார்ந்து கேட்பதற்காக எழுதிய இசை இது. டாங்கோ எங்கே பிறந்தது, யார் ஆடினார்கள் என்ற கதையெல்லாம் இங்கே இல்லை. எதைத் தேடுவது, எதை வாங்காமல் இருப்பது, எந்த வரிசையில் கேட்பது என்பது மட்டும்தான்.

1. பாட்டைத் தேடாதீர்கள், குழுவைத் தேடுங்கள்

புதியவர் எல்லோரும் செய்யும் முதல் காரியம், பியாசோலாவின் மிகப் பிரபலமான பாட்டான 'லிபர்டாங்கோ'வைத் தேடுவது. வந்து விழுபவற்றில் பெரும்பாலானவை வேறு யாரோ வாசித்தவை. செல்லோ, அக்கார்டியன், சாக்சபோன், கிதார் இரட்டையர், பள்ளி இசைக்குழு என்று எல்லாம் வரும், பியாசோலா வரமாட்டார். சில நன்றாகவே இருக்கும். ஆனால் தொடங்குவதற்கு அவை உதவாது.

பியாசோலாவின் பெயர் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அவர் குழுக்களைக் கலைத்துக் கலைத்துக் கட்டியவர். 1960-இல் முதல் ஐவர் குழு, 1970-களின் தொடக்கத்தில் ஒன்பதின்மர் குழு, அந்தப் பத்தாண்டின் நடுவில் மின்னிசைக் குழு, 1978 முதல் 1988 வரை இரண்டாம் ஐவர் குழு, 1989-இல் அறுவர் குழு. ஒவ்வொன்றின் ஒலியும் வேறு.

நீங்கள் பிடிக்க வேண்டியது இரண்டாம் ஐவர் குழுவை. பத்தாண்டு காலம் ஊர் ஊராகச் சேர்ந்து சுற்றியவர்கள். அடுத்தவர் மூச்சை இழுப்பது எப்போது என்று தெரிந்த அளவுக்குப் பழக்கம். இவர்களின் மேடைப் பதிவுகள்தான் மிகுதியாகவும் கிடைக்கின்றன. பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பாந்தோனியோன் பியாசோலா, வயலின் ஃபெர்னாந்தோ சுவாரெஸ் பாஸ், பியானோ பாப்லோ சீக்லர், டபுள் பாஸ் (ஆள் உயர வயலின் போன்ற கீழ்க்குரல் வாத்தியம்) எக்தோர் கோன்சோலே. மின் கிதாரில் முதலில் ஓஸ்கார் லோப்பெஸ் ருயிஸ். 80-களின் நடுவிலிருந்து ஒராசியோ மல்விசினோ. கிதார்காரரின் பெயர் ஒரு நல்ல தடயம். நாள் அச்சிடாத பதிவு கையில் வந்தால், கிதார் யார் என்று பார்த்தே முற்பாதியா பிற்பாதியா என்று சொல்லிவிடலாம்.

பாந்தோனியோன் என்பது துருத்தி வைத்த பொத்தான் வாத்தியம். நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கார்டியன் என்று சொல்லிவிடாதீர்கள். டாங்கோ ரசிகர்களுக்குக் கோபம் வரும்.

ஆங்கில எழுத்தில் தேடும்போது பியாசோலாவுக்கு இரண்டு இசட், இரண்டு எல். ஒரு எழுத்து குறைந்தாலும் வேறு குப்பைகள் மேலே வந்து நிற்கின்றன. பெயரோடு 'என் விவோ' (en vivo) என்ற சொல்லையும் சேர்த்தால் நேரடிப் பதிவுகள் முன்னால் வரும். ஸ்பானிய மொழியில் அதற்கு அதுவே பெயர்.

2. பதிவின் ஆவணங்களைச் சரிபாருங்கள்

நிலம் வாங்குகிறவர் பட்டா பார்ப்பதுபோல, ஒரு பதிவுக்கு மூன்று விவரம் பார்க்க வேண்டும்: எந்த நாள், எந்த அரங்கு, யார் யார் வாசித்தது. மூன்றும் அச்சிலோ ஆல்பத்தின் விவரப் பக்கத்திலோ இருந்தால் மட்டுமே பணம் கொடுங்கள். மூன்றில் இரண்டு இல்லையென்றால் நான் இப்போது தொடுவதே இல்லை.

நான் விழுந்த குழிகளும் விழாமல் தப்பிய குழிகளும் இவை.

அட்டையில் அரங்கின் பெயர் இருந்தால் அது அரங்கில் பதிவானது என்று பொருளில்லை. 1965-இல் வந்த ஓர் ஆல்பத்துக்கு நியூயார்க் பில்ஹார்மோனிக் ஹால் கச்சேரி என்றே தலைப்பு. முதல் ஐவர் குழு அங்கே வாசித்தது உண்மை. ஆனால் ஆல்பம், ஊர் திரும்பிய பின் புவெனோஸ் ஐரெஸ் ஸ்டுடியோவில் பதிவானது. அருமையான ஆல்பம்தான். ஆனால் கைதட்டலை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்.

ஒரே கச்சேரி பல பெயரில் விற்கும். 1983 அக்டோபரில் வியன்னாவின் கோன்செர்ட்ஹவுஸ் அரங்கில் நடந்த கச்சேரி, 'லைவ் இன் வீன்' என்றும் 'தி வியன்னா கான்சர்ட்' என்றும் வந்திருக்கிறது. பாட்டு வரிசையை ஒப்பிட்டுப் பார்க்காமல் இரண்டையும் வாங்கியவன் நான். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. அதே வியன்னாவில் 1986-இல் நடந்த இன்னொரு கச்சேரி 'திரிஸ்தேசாஸ் தே உன் தோப்லே ஆ' என்ற தனி ஆல்பம். இது வேறு, வாங்கலாம்.

பாரிஸ் ஒலிம்பியா அரங்கின் 1977 பதிவு பியாசோலாவுடையதுதான், நேரடியானதும்தான். ஆனால் அது மின்னிசைக் குழு. சிந்தசைசரும் டிரம்சும் உண்டு. இதை முதலில் கேட்டு, 'ஓ, நவீன டாங்கோ என்றால் இதுதானா' என்று முடிவுகட்டிய நண்பர் ஒருவர் இன்றுவரை பக்கம் வரவில்லை.

கடைசியாக, தொகுப்புகள். மேடைப் பதிவையும் ஸ்டுடியோப் பதிவையும் மாறி மாறிக் கோத்து, கைதட்டலை நறுக்கி எறிந்திருப்பார்கள். கைதட்டல் போனால் அதற்கு முந்தைய இரண்டு விநாடி அமைதியும் போய்விடும். எனக்கு அந்த அமைதி இல்லாமல் முடியாது.

3. செலவுக் கணக்கு

முதல் மாதம் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். யூடியூபில் முழுக் கச்சேரிகளே கிடைக்கின்றன. விளம்பரம் நடுவில் பாய்ந்து உயிரை வாங்கும் என்றால், மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஏதாவது ஓர் இசைச் சேவை. கீழே நான் சொல்லும் பதிவுகளில் பெரும்பாலானவை அவற்றில் அகப்படும்.

சிடி வேண்டும் என்று கை அரித்தால் ஒன்றை மட்டும் வாங்குங்கள். நான் வெளிநாட்டு விற்பனையாளரிடம் பழைய சிடி ஒன்றை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். தபால் செலவு 1,350. வந்து சேர ஐந்து வாரம். அதன் மேல் சுங்கத் தீர்வை. கூரியரில் வந்தால் அடையாளச் சான்றின் நகலும் கேட்பார்கள். நான் கொடுக்கத் தாமதித்ததில் பொட்டலம் ஒன்பது நாள் கிடந்தது. விலைப்பட்டியலைப் பொட்டலத்தின் வெளிப்பக்கம் ஒட்டி அனுப்பும்படி விற்பனையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று தட்டுகளைச் சேர்த்து வரவழைத்தால் தபால் செலவு பங்காகும் என்பது உண்மைதான், ஆனால் எது பிடிக்கும் என்று தெரியும் முன்னே அதைச் செய்யாதீர்கள்.

காசு செலவழித்தே ஆக வேண்டிய இடம் ஹெட்போன். கம்பி வைத்த ஹெட்போன், காதை மூடுகிற வகை, 2,000 ரூபாய் அளவில் போதும்.

4. கருவியை ஒழுங்கு செய்யுங்கள்

கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். 'கோன்த்ரபாஹிசிமோ' என்று ஒரு பாட்டு, கோன்சோலேக்காக எழுதியது. டபுள் பாஸ் தனியாகத்தான் தொடங்கும். கைபேசியில் அதைப் போட்டுவிட்டு, ஒன்றுமே கேட்கவில்லை, கோப்பு கெட்டுவிட்டது என்று இரண்டு முறை மறுபடி இறக்கினேன். கோப்பு நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சின்ன ஒலிபெருக்கிக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெரியவில்லை.

செயலியில் மூன்று வசதிகளை அணையுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடும் 'ஷஃபிள்'. ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு குழைக்கும் 'கிராஸ்ஃபேட்'. பாஸை ஏற்றிக் காட்டும் 'இக்குவலைசர்'. மேடைப் பதிவில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று கருவி நினைத்துக்கொள்கிறது. அங்கேதான் அரங்கம் இருக்கிறது.

நேரம்: ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி, அதிலும் முதலில் பாதி. நாற்பது நிமிடத்துக்கு மேல் போனால் புதுக் காது களைத்துவிடும்; களைத்த காதுக்கு எல்லாப் பாட்டும் ஒரே அழுகையாகத் தோன்றும். வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓடவிடவும் சரிப்படாது. மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று சீறும். கையிலிருக்கும் காப்பி சிந்தும்.

5. முதல் வாரம்: சென்ட்ரல் பார்க், 1987

1987 செப்டம்பர் 6 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இரண்டாம் ஐவர் குழு வாசித்தது. பதிவு 1994-இல் ஆல்பமாக வந்தது. இதிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடுவில் பியாசோலா ஆங்கிலத்தில் பேசுகிறார். நான்கு வயதில் நியூயார்க்குக்குக் குடிபோய் அங்கே வளர்ந்தவர். அந்தப் பேச்சில் தெரிவது வெளிநாட்டு மேதை இல்லை, பழைய தெருவுக்குத் திரும்பி வந்தவர். அந்தக் குரலைக் கேட்ட பின் வாத்தியமும் நெருங்கி வருகிறது.

முதல் நாள் தொடக்கத்திலிருந்து 'மிலோங்கா தெல் ஆங்ஹெல்', 'முவெர்த்தே தெல் ஆங்ஹெல்' வரை கேட்டு நிறுத்துங்கள். தேவதையின் மிலோங்கா, தேவதையின் மரணம் என்று பொருள். மிலோங்கா என்பது டாங்கோவுக்கு உறவான ஓர் இசை வகை. முதலாவது தாலாட்டுப் போல அசையும். இரண்டாவது ஃபியூக், ஒரு வாத்தியம் ஓடத் தொடங்கும், மற்றவை ஒவ்வொன்றாக அதே அடியைப் பிடித்துத் துரத்தும். ஸ்டுடியோவில் இந்தத் துரத்தல் கணக்குப் போட்டதுபோல இருக்கும். மேடையில் யாராவது இடறினால் ஐந்து பேரும் விழுவார்கள் என்ற பயம் நமக்கே தொற்றிக்கொள்கிறது.

இரண்டாம் நாள் மீதி. மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் முதலிலிருந்து. இந்த வாரத்தில் வேறு பதிவைத் தொடாதீர்கள்.

6. காதுக்கு அடையாளங்கள்

இரண்டாம் முறை கேட்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் அடையாளம் தாளம். எட்டு அட்சரத்தை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பது பியாசோலாவின் முத்திரை. நமக்கு இது பாடமே வேண்டாம்: தகிட தகிட தக. மேசையில் 'த' வரும் இடத்தில் மட்டும் தட்டிப் பாருங்கள், பாதிப் பாட்டுகளில் பாஸும் பியானோவின் இடக்கையும் உங்களோடு சேர்ந்துகொள்ளும். மிருதங்கம் கேட்டு வளர்ந்தவர் வீட்டில் இந்த ஒரு கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. இதைச் சொல்லித்தான் என் அம்மாவைக்கூட ஒரு பாட்டு முழுக்க உட்கார வைத்தேன். கேட்டுவிட்டு, "தாளம் சரி, ஏன் இவ்வளவு துக்கம்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது வயலினின் விஷமம். 'சிச்சார்ரா' என்றால் சிள்வண்டு; வில்லைக் குதிரைக்கு (கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) அந்தப் பக்கம், கம்பி மேல் வைத்துச் சுரண்டுவது. தேங்காய் துருவும் சத்தம் போல வரும். கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். 'லாத்திகோ' என்றால் சாட்டை. விரலைக் கம்பியில் மேல்நோக்கிச் சடாரென்று இழுப்பது. சுவாரெஸ் பாஸ் இவற்றை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் பியாசோலா சும்மா இருக்கும் இடுக்குகளில்தான். டிரம்ஸ் இல்லாத குழு இது. அந்த வேலையை வயலினின் சுரண்டலும், டபுள் பாஸின் உடலில் விழும் தட்டும், கிதாரின் மழுங்கலான வெட்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

பிறகு மூச்சு. பாந்தோனியோனில் 71 பொத்தான். துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரம், மூடும்போது அதே பொத்தானில் பெரும்பாலும் வேறு சுரம். டாங்கோக்காரர்கள் விரித்து வாசிப்பதையே விரும்புவார்கள். விரித்து முடிந்ததும் வலக்கைப் பெருவிரலால் காற்றுத் திறப்பை அழுத்திச் சட்டென மூடுவார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து மடியில் வைத்து வாசிக்க, பியாசோலா நின்றபடி ஒரு காலை முக்காலி மேல் தூக்கி வைத்து, தொடையில் வாத்தியத்தைத் தொங்கவிட்டு வாசித்தார். ஒலிவாங்கி அருகில் இருக்கும் பதிவுகளில் அந்தக் காற்று இழுபடும் சத்தமும் பொத்தான்கள் படபடக்கும் சத்தமும் கேட்கும். மெதுவான பாட்டில், ஹெட்போனில், நள்ளிரவில் அதைக் கேட்டுப் பாருங்கள். ஆள் பக்கத்து நாற்காலியில் இருப்பார்.

7. ஒரே பாட்டை மூன்று முறை

மேடைப் பதிவின் ருசி பிடிபட இதைவிடக் குறுக்குவழி கிடையாது. பாட்டு 'அடியோஸ் நொனினோ'. நொனினோ என்பது தந்தை விசென்தேயை வீட்டில் அழைத்த பெயர். 1959-இல் அவர் இறந்த செய்தி வந்த பின் நியூயார்க்கில் எழுதியது. அதில் இரண்டு உடல் உண்டு. முன்பே எழுதியிருந்த முரட்டுத் தாளப் பகுதி ஒன்று. துக்கத்தில் புதிதாக எழுதிய நீண்ட மெட்டு ஒன்று.

முதலில் 1969 ஸ்டுடியோப் பதிவு. தொடக்கத்தில் வரும் பியானோ தனிப் பகுதி, அன்றைய பியானோக்காரர் தாந்தே அமிகரேல்லிக்காகப் பியாசோலா எழுதிக்கொடுத்தது. சுத்தம், ஒரு குறை சொல்ல முடியாது.

அடுத்து வியன்னா, 1983. அங்கே பியானோவில் சீக்லர். ஜாஸிலிருந்து வந்தவர், இந்தத் தொடக்கத்தைத் தம் போக்கில் விரித்துக்கொண்டு போகிறார். நம் தானம், ஆலாபனை கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மெட்டின் ஒரு துண்டைக் காட்டுவார், மறைப்பார். இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருக்க வைத்துவிட்டுத்தான் மற்ற நால்வருக்கும் வாசலைத் திறப்பார்.

மூன்றாவது சென்ட்ரல் பார்க், 1987. அதே ஆள், அதே பாட்டு, நான்கு ஆண்டு கழித்து. தொடக்கம் வேறு வழியில் போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, தாளப் பகுதி தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். எவ்வளவு நேரம் எடுத்தார், எங்கே தயங்கினார், எந்தத் துண்டை இரண்டிலும் விடாமல் வைத்திருக்கிறார் என்று காகிதத்தில் குறியுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையே செய்தேன். மாலையில் பழைய தொகுப்புகளை எடுத்துப் பரண் மேல் போட்டேன்.

ஒரு எச்சரிக்கை: எந்தப் பதிவு சிறந்தது என்று தேடிப் படிக்க இறங்காதீர்கள். அந்தச் சண்டை முடிவதில்லை.

8. இரண்டாம் மாதம், உங்கள் குணத்துக்கேற்ப

விரல்களைப் பார்க்க வேண்டும் என்றால் மான்ட்ரியல் ஜாஸ் விழா, 1984, காணொளி. பியாசோலாவின் முழங்காலையும் வயலின்காரரின் வில்லையும் பார்த்தாலே மேலே சொன்ன பாதி விளங்கிவிடும்.

ஜாஸ் பழக்கம் உள்ளவருக்கு மான்த்ரூ விழா, 1986 ஜூலை. வைப்ரபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசிக்கும் கேரி பர்ட்டன், ஐவர் குழுவோடு சேர்ந்தது.

குரல் வேண்டுமா? புவெனோஸ் ஐரெஸின் ரெஹீனா அரங்கு, 1982 மே, பாடகர் ரொபெர்த்தோ கொயெனெச்சே. குரல் தேய்ந்த வயது. பாடுவதா பேசுவதா என்று தெரியாத ஓர் இடத்தில் நின்று பாடுகிறார். ஸ்பானிய மொழி தெரியாமலே தொண்டை அடைக்கிறது. எனக்கு இதுதான் முதலிடம், ஆனால் புதியவருக்கு முதலில் கொடுக்கமாட்டேன்.

பியாசோலாவை மட்டும் கேட்டுத் திகட்டினால் ஓஸ்வால்தோ புக்லியேசே பக்கம் போங்கள். பழைய பாணியின் பெரிய குழு, ஆனால் நவீனத்துக்கு விதை போட்டவர். அவர் வாசிக்கும் இடங்களில் எல்லாம் ரசிகர்கள் 'கொலோனுக்கு!' என்று கத்துவார்களாம். நகரின் ஓபரா மாளிகை தெயாத்ரோ கொலோன். 1985 டிசம்பர் 26 அன்று அங்கே வாசித்தேவிட்டார்; அதன் பதிவு இருக்கிறது. இருவரும் சேர்ந்த மேடை வேண்டும் என்றால் ஆம்ஸ்டர்டாமின் கார்ரே அரங்கு, 1989.

இன்றைய ஆட்கள் வேண்டுமென்றால் ஓர்கெஸ்தா திப்பிகா ஃபெர்னாந்தெஸ் ஃபியெர்ரோ. பாந்தோனியோன்கள் முன்வரிசையில், ராக் கச்சேரி போன்ற ஆவேசம். புவெனோஸ் ஐரெஸில் இவர்களுக்குச் சொந்த அரங்கே உண்டு. அந்த ஊருக்குப் போகும் வாய்ப்பு அமைந்தால் இது போன்ற இடத்துக்கு டிக்கெட் எடுங்கள்; சாப்பாட்டோடு சேர்த்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் டாங்கோ நிகழ்ச்சி வேறு சரக்கு. அதில் நடனம் பிரதானம், இசை கறிவேப்பிலை.

9. கடைசிக்கு ஒதுக்கி வைக்க வேண்டியவை

லோசான் நகரில் 1989-இல் பதிவான அறுவர் குழுக் கச்சேரியை மூன்று மாதமாவது தள்ளிப்போடுங்கள். முந்தைய ஆண்டு பியாசோலாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இந்தக் குழுவில் வயலின் இல்லை. செல்லோவும் இன்னொரு பாந்தோனியோனும் வந்துவிட்டன. ஒலி கீழே இறங்கி இருண்டிருக்கிறது. ஐவர் குழு காதில் பதிந்த பிறகு கேட்டால்தான் எதை எடுத்துவிட்டார் என்பது உறைக்கும்.

அதற்கும் பிறகு ஏதென்ஸ், 1990 ஜூலை. கிரேக்க இசையமைப்பாளர் மானோஸ் ஹாத்சிதாகிஸ் நடத்தும் இசைக்குழு பின்னால், முன்னால் பியாசோலா தனியாக. அடுத்த மாதம் பாரிஸில் மூளையில் இரத்தக்கசிவு. அதன் பிறகு அவர் வாசிக்கவில்லை. இந்தப் பதிவைப் போடும் முன் செயலியில் 'ஆட்டோப்ளே'யை அணைத்துவிடுங்கள். நான் மறந்துவிட்டேன், கைதட்டல் அடங்கும் முன்பே யாரோ வாசித்த லிபர்டாங்கோ ஒன்று குதித்து வந்தது.